1982 படப் பாட்டுகள்: குன்னூர் மேடைக்கு எதை எடுக்கலாம், எதை விடலாம்?

பெட்போர்டு_கீபோர்டு

நவம்பர் கடைசியில் குன்னூரில் ஒரு சமூகக் கூடத்தில் நிகழ்ச்சி. 1982-ல் வந்த தமிழ்ப் படங்களின் பாட்டுகள் மட்டும், ஒன்றரை மணி நேரம். கீபோர்டு, அக்கூஸ்டிக் கிட்டார், பேஸ் கிட்டார், புல்லாங்குழல், தபேலா (டோலக்கும் அவரே), ரிதம் பேட் என்று ஆறு பேர் வாசிக்கிறோம். பாட ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல். வயலின் இல்லை. கூடத்துக்குத் தகரக் கூரை. பொழுது சாய்ந்தால் 12 டிகிரி வரை இறங்கும்.

ஒரு பாட்டுக்கு 6 நிமிடம் வைத்தால் 14 பாட்டு, இடையில் பேச மொத்தம் 6 நிமிடம் மிஞ்சும். ஹிட் பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது, அது வேண்டாம். உங்களுக்குப் பிடித்த பாட்டு எது, அது இந்த ஆறு பேர் கையில் நிற்குமா, எந்த இடத்தில் சரியும், ஏன் சரியும் என்று சொல்லுங்கள். நான் எடுத்து வைப்பவை மூன்று: ‘இளைய நிலா’, ‘பனிவிழும் மலர்வனம்’, ‘கண்ணே கலைமானே’.

அருவங்காடு_ரசிகன்

மூன்றாம் பிறையை விட்டுவிட்டு நீலகிரியில் 1982-ஐப் பேச முடியாது சார். கேத்தியில் எடுத்த படம், கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷன். 1982 பிப்ரவரி 19 வெளியீடு. இயக்கமும் ஒளிப்பதிவும் பாலு மகேந்திரா. ஒளிப்பதிவுக்கு அவருக்கும் நடிப்புக்குக் கமலுக்கும் தேசிய விருது கிடைத்தது. ‘கண்ணே கலைமானே’தான் கண்ணதாசன் படத்துக்கு எழுதிய கடைசிப் பாட்டு. அவர் மறைந்தது 1981 அக்டோபர் 17. படம் திரைக்கு வந்தபோது அவர் இல்லை. மேடையில் இதை இரண்டு வரியில் சொன்னால் போதும், மூன்றாவது வரி வேண்டாம். பாட்டே மீதியைச் சொல்லிவிடும்.

வாசிப்பைப் பற்றி ஒன்று. அது தாலாட்டு. யேசுதாஸ் அதில் எங்கேயும் குரலை உயர்த்தி அழுத்த மாட்டார், உங்கள் பாடகரும் அழுத்தக் கூடாது. ரிதம் பேட் அந்த ஐந்து நிமிடமும் சும்மா இருக்கட்டும். தபேலா மட்டும், அதிலும் டக்கா (இடது கை வாசிக்கும் பெரிய முகம்) அடக்கமாக. மெதுவாகப் போகிறதே என்று யாராவது காலத்தைத் தூக்கினால் தாலாட்டு நடைப்பாட்டாகிவிடும். மேடையில் இந்தப் பாட்டு கெடுவது பெரும்பாலும் இந்த ஒரே காரணத்தால்தான்.

கேத்திக்காரன்

‘இளைய நிலா’வுக்கு வருகிறேன். பயணங்கள் முடிவதில்லை, எஸ்.பி.பி. குரல், வைரமுத்து வரிகள். அதில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அடுத்த வருடமே இந்த மெட்டு கலாகார் படம் வழியாக இந்திக்குப் போனது, அங்கேயும் கிட்டாரை விட்டுவிட்டு எடுக்க முடியவில்லை. பாட்டின் பாதி உயிர் அந்தப் பிரிப்பு வாசிப்பில், அதாவது கார்டை ஒரே தட்டில் தட்டாமல் கம்பி கம்பியாகப் பிரித்து ஓடவிடுவதில் இருக்கிறது. அதனால்:

கீபோர்டு அண்ணா, பல்லவி முதல் சுற்று முடியும்வரை ஸ்ட்ரிங்ஸ் பேடை (வயலின் கூட்டம் மாதிரி நீண்டு ஒலிக்கும் கீபோர்டு சவுண்டை) தொடாதீங்க. பேட் சவுண்டுக்கும் கிட்டாரின் நடுக் கம்பிகளுக்கும் ஒரே இடம், 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை. இரண்டும் சேர்ந்தால் பிரிந்து விழும் சுரங்கள் சேறாகிவிடும். கூட்டத்துக்குக் கிட்டார் கேட்கவில்லை என்று சவுண்டுக்காரர் ஒலியைக் கூட்டுவார், அப்போது ஃபீட்பேக் வரும். கோளாறு ஒலியில் இல்லை, ஏற்பாட்டில்.

வலது கை: கட்டை விரல் கீழ் சுரத்துக்கு, அடுத்த மூன்று விரல்கள் மேல் மூன்று கம்பிகளுக்கு. பிளக்ட்ரம் (கம்பி மீட்டும் சின்னத் தகடு) வைத்தால் வேகம் கிடைக்கும், ஆனால் கீழ் சுரமும் மேல் சுரமும் சேர்ந்து விழ வேண்டிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விழும்.

கம்பி: 11 கேஜ் (கம்பியின் தடிமன்) போதும். குளிரில் 12 கேஜை அழுத்தினால் இடது கை சீக்கிரம் களைக்கும். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் மாற்றுங்கள். அன்றைக்குக் காலையில் மாட்டிய புதுக் கம்பி இழுபட்டுக்கொண்டே இருக்கும், மூன்று பாட்டுக்கு ஒருமுறை சுருதி பார்க்க வேண்டி வரும்.

டானிங்டன்_பேஸ்

பிளக்ட்ரம் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. நேர்த்தியான கை என்றால் பிளக்ட்ரமும் நடுவிரலும் மோதிர விரலும் சேர்த்துப் பிடித்து வாசிக்கலாம், ஒவ்வொரு சுரமும் கூராகக் கேட்கும். தகரக் கூரைக் கூடத்தில் கூர்மைதான் வேண்டும். விரல் நுனியில் வரும் மிருதுவான ஓசை பத்தாவது வரிசைக்குப் போய்ச் சேராது.

பேஸ் பற்றி. 1982 பாட்டுகளில் இளையராஜாவின் பேஸ் வரிகள் கார்டின் மூல சுரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவை இல்லை. அவை தனி மெட்டு. ‘பொன்மேனி உருகுதே’யை பேஸ் ஆளைப் பயிற்சிக்கு உட்கார வைக்காமல் எடுக்காதீங்க. பாடகி எவ்வளவு நன்றாகப் பாடினாலும், கீழே வெறும் மூல சுரம் ஓடினால் பாட்டு மொட்டையாக நிற்கும். ஒரு சோதனை இருக்கிறது: குரலையும் கிட்டாரையும் நிறுத்திவிட்டு பேஸ், தபேலா இரண்டையும் மட்டும் பல்லவி முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள். கேட்பவருக்கு எந்தப் பாட்டு என்று தெரிந்தால் மேடைக்குப் போகலாம்.

மூங்கில்_துளை

புல்லாங்குழல்காரர் யார் என்று தெரியவில்லை, ஆனால் 12 டிகிரி என்றதும் சொல்லத் தோன்றியது. சமவெளியில் 30 டிகிரியில் கீபோர்டோடு சரியாகப் பொருந்திய குழல், அந்தக் கூடத்தில் எடுத்தவுடன் இறங்கிப் பேசும். ஒலிப்பதிவில் பின்னால் கேட்டால்தான் தெரியும், எல்லாப் பிரீலூடிலும் (பாட்டுக்கு முந்தைய இசையிலும்) முதல் இரண்டு சுரம் சுருதி கம்மியாக இருக்கும்.

பெட்போர்டு_கீபோர்டு

குன்னூர் 1850 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால்தானே குழல் சுருதி இறங்குகிறது? அப்படியானால் ஊட்டியில் 2240 மீட்டரில் இன்னும் இறங்குமே, மேட்டுப்பாளையத்தில் இறங்காதே.

மூங்கில்_துளை

உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை சார், பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தமும் குறைகிறது, அடர்த்தியும் அதே அளவில் குறைகிறது. ஒன்றை ஒன்று ஈடு கட்டிவிடுவதால் ஒலியின் வேகம் மாறுவதில்லை. வேகத்தை மாற்றுவது வெப்பநிலை. 25 டிகிரியில் நொடிக்கு 346 மீட்டர், 10 டிகிரியில் 337 மீட்டர். இது ஏறக்குறைய 45 சென்ட் (100 சென்ட் ஒரு அரைக்கட்டை, அதாவது கீபோர்டில் அடுத்த சுரம்), அரைக்கட்டை இறங்குவதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மேட்டுப்பாளையத்தில் 10 டிகிரி வந்தால் அங்கேயும் இதே அளவு இறங்கும். ஊட்டியில் மத்தியான வெயிலில் வாசித்தால் தொந்தரவே இருக்காது.

வாசிக்கும்போது நம் மூச்சு குழலுக்குள் காற்றைச் சூடாக்குகிறது, அதனால் முழு 45 சென்ட் இறங்காது. சிக்கல் இடைவெளியில்தான். சரணம் முழுக்கக் குழல் சும்மா இருக்கும், அந்த ஒன்றரை நிமிடத்தில் ஆறிவிடும். அடுத்த இன்டர்லூடின் (இடையிசையின்) முதல் சுரம் தாழ்ந்து விழும், நாலாவது சுரத்துக்குள் சரியாகிவிடும். அதற்குள் கெட்டது கெட்டதுதான்.

என்ன செய்யலாம்: நுழைவதற்கு எட்டு மாத்திரை முன்னால் விரல் துளைகள் எல்லாவற்றையும் மூடி, ஊதும் துளையை உதட்டால் முழுக்கப் பொத்தி, சத்தம் வராமல் மூச்சை உள்ளே விடுங்கள். இரண்டு மூச்சு போதும். மீதிக் குழல்களை மேசையில் பரப்பி வைக்காமல் கோட்டுக்குள்ளோ கம்பளித் துணிக்குள்ளோ வையுங்கள். கணப்புச் சட்டி பக்கம் வேண்டாம், மூங்கில் நெடுக வெடிக்கும்.

கேத்திக்காரன்

இதில் இன்னொரு கொடுமை சேரும். எஃகுக் கம்பி குளிரில் சுருங்கி இறுகும், கிட்டார் சுருதி ஏறும். குழல் இறங்க, கிட்டார் ஏற, கீபோர்டு நடுவில் அசையாமல் நிற்கும். மூவரும் வெளி அறையில் சுருதி சேர்த்துவிட்டு மேடைக்கு வந்தால் பிரயோஜனமில்லை. வாத்தியங்கள் மேடையிலேயே 20 நிமிடம் இருக்க வேண்டும், விளக்கெல்லாம் எரிந்தபடி. அதன் பிறகுதான் சுருதி.

மூங்கில்_துளை

ஆமாம். சுருதி சேர்க்கும்போது குழல்தான் தலைமை. குழலை ஏற்ற வழியில்லை, மற்றவர்கள் இறங்கலாம். குழலை நன்றாகச் சூடாக்கி ‘ஸ’வை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், கீபோர்டின் ஃபைன் ட்யூனிங்கை அதற்கு இறக்குங்கள். வழக்கமான 440 ஹெர்ட்ஸிலிருந்து 436-க்கு வந்தால் 16 சென்ட் இறங்கும், பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். கிட்டார், பேஸ் இரண்டின் ட்யூனரிலும் அதே 436-ஐ வையுங்கள். ஒருவர் மட்டும் 440-ல் மறந்து நின்றால் எதைச் செய்தும் பலனில்லை.

கட்டபெட்டு_தபேலா

தோலுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குளிர் அவ்வளவு தொல்லை இல்லை, மஞ்சுதான் (மூடுபனிதான்) தொல்லை. சாயங்காலம் கதவு திறந்திருந்தால் மஞ்சு கூடத்துக்குள்ளேயே வரும், தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும், சுருதி அரைக்கட்டைக்கு மேல் இறங்கும். வாரைச் சுற்றியுள்ள மரக்கட்டைகளைத் தட்டி ஏற்றலாம், அதற்கும் அளவுண்டு. ஏற்கனவே கட்டைகள் அடிவரை இறங்கியிருந்தால் மேடையில் தட்ட இடமே இருக்காது. அதனால் இரண்டு நாள் முன்பே, கட்டைகள் பாதியில் நிற்கும்போதே சுருதி வரும்படி வாரை இழுத்துக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

நெருப்பில் காட்டாதீர்கள். நடுவிலுள்ள கருப்பு மை அடுக்கடுக்காகப் பூசிய பசை, திடீர்ச் சூட்டில் பொரிந்து உதிரும். அப்புறம் ‘தின்’ என்ற நாதம் வராது, ‘டப்’ என்று கேட்கும். முடி உலர்த்தும் டிரையரை ஒரு அடி தள்ளி, சுற்றிச் சுற்றிக் காட்டினால் போதும். பாட்டுக்கு நடுவில் கம்பளியால் மூடி வையுங்கள்.

இரண்டு தபேலா கட்டாயம். ஐந்தரை அங்குல வாய் ஒன்று, ஐந்து அங்குல வாய் ஒன்று. ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு கட்டையிலிருந்து இரண்டரைக் கட்டைக்கு ஏற்றினால் தோல் கிழியும். பாட்டு வரிசையை முடிவு செய்யும்போது கட்டையைப் பார்த்து அடுக்குங்கள்.

லவ்டேல்_பாடகி

‘பனிவிழும் மலர்வனம்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். ஸ்ரீதரின் நினைவெல்லாம் நித்யா படத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமான பாட்டு அது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ராகம் சலநாட்டை, 36-வது மேளம், விவாதி (பக்கத்துச் சுரங்கள் உரசும் வகை). ஒரு கட்டையில், அதாவது ‘ஸ’வை சியில் வைத்துக் கீபோர்டு மொழியில் சொன்னால்: சி, டி ஷார்ப், இ, எஃப், ஜி, ஏ ஷார்ப், பி. ரிஷபமும் காந்தாரமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டை, தைவதமும் நிஷாதமும் அப்படியே. இதில் டியும் ஏயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கீபோர்டு வாசிப்பவர் பழக்கதோஷத்தில் சி, எஃப், ஜி என்று மூன்று மேஜர் கார்டைப் பிடிப்பார். எஃப் மேஜருக்கு ஏ வேண்டும், ஜி மேஜருக்கு டி வேண்டும். இரண்டும் ராகத்துக்கு வெளியே. ஜி மேஜர் விழும் நொடியில் அந்த விசித்திரமான குளிர்ச்சி போய், பாட்டு சாதாரண சங்கராபரணச் சாயலுக்கு வந்துவிடும். பாடுபவரின் ரிஷபமும் டிக்கு இழுபடும்.

ராகத்துக்குள்ளேயே கிடைக்கும் கார்டுகள்: சி மேஜர், இ மைனர், டி ஷார்ப் மேஜர். சி மைனரும் அதே சுரங்களில் அடங்கும். ஜியில் நிற்க வேண்டுமென்றால் ஜி ஆக்மென்டட், அதாவது ஜி, பி, டி ஷார்ப். ஆட்டோ அக்கம்பனிமென்ட் ஸ்டைலை அணைத்துவிட்டு, இடது கையில் ஸ-ப மட்டும் வைத்தாலும் நன்றாகவே இருக்கும். தப்பான கார்டை விட வெறும் ஸ-ப நூறு மடங்கு மேல்.

இதே பொறி ‘வைகறையில் வைகைக் கரையில்’ பாட்டிலும் இருக்கிறது. அது சுபபந்துவராளி: சி, சி ஷார்ப், டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஜி, ஜி ஷார்ப், பி. அங்கேயும் டி கிடையாது, ஜி மேஜர் ஆகாது. சி மைனர், ஜி ஷார்ப் மேஜர், பி மேஜர் மூன்றும் பொருந்தும்.

பெட்போர்டு_கீபோர்டு

நன்றி அக்கா. சி, எஃப், ஜிதான் குறித்து வைத்திருந்தேன். மாற்றிவிட்டேன். குழலுக்கு இந்த ராகம் எப்படி?

மூங்கில்_துளை

கர்நாடகக் குழலில் ஷட்சுருதி ரிஷபம் (இந்த ராகத்தின் ரிஷபம்) முதல் துளையை அரைகுறையாக மூடி எடுக்கும் சுரம். விரைத்த விரல் முதலில் பிசகுவது அங்கேதான். இந்தப் பாட்டை நிகழ்ச்சியின் முதல் பாட்டாக வைக்காதீர்கள். மூன்றாவது, நாலாவது என்றால் விரலும் சூடாகியிருக்கும், குழலும் சூடாகியிருக்கும். விரல் நுனி இல்லாத கம்பளிக் கையுறை உதவும்.

டானிங்டன்_பேஸ்

இதுவரை சொன்னது எல்லாமே ஒரே இசையமைப்பாளர். 1982 என்றால் அவர் மட்டுமில்லை. பாரதி பிறந்த நூறாவது ஆண்டு அது. அந்த வருடம் ஏழாவது மனிதன் படத்துக்குப் பாரதி பாடல்களையே எடுத்து எல். வைத்தியநாதன் இசையமைத்தார். யேசுதாஸ் பாடிய ‘காக்கைச் சிறகினிலே’ போதும், அந்த வருடத்தின் முதல் ஐந்தில் வைப்பேன். எளிமையாக இருக்கிறது, ஆறு பேருக்கு அளந்து தைத்த மாதிரி. அதற்கு பேஸும் வேண்டாம், என் பிழைப்பையே வேண்டாம் என்கிறேன் பாருங்கள். தம்பூரா சுருதி, குழல், தபேலா, குரல் என்று நான்கு போதும்.

எம்.எஸ்.வி.யின் அக்னி சாட்சி அதே வருடம். ‘கனாக் காணும் கண்கள் மெல்ல’ பாட்டில் எஸ்.பி.பி. பாட, இடையே பெண் குரலில் பேச்சு வரும். அதை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். பேச்சு விழுந்த இடத்தில்தான் அடுத்த வரி ஏன் அப்படி இறங்கி வருகிறது என்பது விளங்கும். உங்கள் பாடகியே பேசலாம், ஆனால் மைக்கை விட்டு ஒரு சாண் தள்ளி, பாட்டுக்கான எக்கோவை அணைத்துவிட்டு.

கங்கை அமரனின் வாழ்வே மாயம் இன்னொன்று. ‘நீல வான ஓடையில்’ கூட்டத்துக்கு உடனே தெரியும், வாசிக்கவும் சுலபம். சவாலான இரண்டு பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள அது நல்ல இடம்.

அருவங்காடு_ரசிகன்

காதல் ஓவியம் எங்கே? ‘சங்கீத ஜாதி முல்லை’ இல்லாத 1982 நிகழ்ச்சியா?

லவ்டேல்_பாடகி

அந்தப் பாட்டை விடச் சொல்லித்தான் நான் கேட்பேன் அண்ணா. அதன் மேல் அன்பு இருப்பதால்தான் சொல்கிறேன். எஸ்.பி.பி. அதில் மூச்சை எங்கே வாங்குகிறார் என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள், இடமே கிடைக்காத வரிகள் உண்டு. குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கோவையிலிருந்து அன்று மத்தியானம் ஏறி வரும் பாடகருக்கு அந்த நீளமான வரிகளில் மூச்சு முட்டும். மிருதங்கம் இல்லாமல் அந்தப் பாட்டின் தாளக்கட்டு வலுவிழக்கும், வயலின் இல்லாமல் பின்னணி வெறிச்சோடும். மூன்றும் சேர்ந்து குறையும்போது, தெரிந்த பாட்டு என்பதாலேயே குறை பெரிதாகத் தெரியும்.

அதற்குப் பதில் பெண் குரலுக்கு அதே படத்தின் ‘நாதம் என் ஜீவனே’. ஜானகியம்மாவின் பாட்டு. மூச்சுக்கு இடமிருக்கிறது. குழலுக்கும் தபேலாவுக்கும் வேலை இருக்கிறது.

பொதுவாக எல்லாப் பாட்டையும் அரைக்கட்டை இறக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த தொண்டையில் மேல் ஸ்தாயி முதலில் அடைக்கும். குளிர்ந்த தண்ணீர் மேடையில் வேண்டாம், வெதுவெதுப்பான வெறும் வெந்நீர் பிளாஸ்கில் இருக்கட்டும். பால் டீ பாடி முடித்த பிறகு.

பெட்போர்டு_கீபோர்டு

டிரான்ஸ்போஸ் பட்டனில் ஒன்று குறைத்துவிடுகிறேன், சுலபம்.

மூங்கில்_துளை

உங்களுக்குச் சுலபம் சார். எனக்கு அது வேறு குழல். அரைக்கட்டை இறக்கினால் அந்தக் கட்டைக் குழல் கையில் இருக்க வேண்டும். இப்போதே ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை கட்டை என்று எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். டிரான்ஸ்போஸைப் போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் திருப்ப மறப்பதுதான் மெல்லிசை மேடையில் நடக்கும் பெரிய விபத்து. பாட்டுக்கு ஒரு ரிஜிஸ்ட்ரேஷன் மெமரியில் சவுண்டையும் டிரான்ஸ்போஸையும் சேர்த்துப் பதிந்து வைத்தால் மறதிக்கு இடமில்லை.

சேரிங்கிராஸ்_சவுண்ட்

தகரக் கூரையை யாரும் சரியாகத் தொடவில்லை. நவம்பர் வடகிழக்குப் பருவமழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அதுதான் முக்கிய மழை. மழை வந்தால் அந்தக் கூரை எல்லா அலைவரிசையிலும் ஒரே சீராக இரைச்சல் போடும், ஈக்வலைசரில் வெட்டி எடுக்க முடியாத சத்தம். ஒலியைக் கூட்டிக் கூட்டி அதோடு போட்டி போடாதீர்கள், பத்து நிமிடத்தில் கூட்டத்துக்குக் காது வலிக்கும்.

செய்ய வேண்டியது, வரிசையை இளக்கமாக வைப்பது. ‘கண்ணே கலைமானே’, ‘காக்கைச் சிறகினிலே’ மாதிரி மெல்லிய பாட்டுகளுக்கு மணிக் கணக்கு போடாதீங்க. மழை ஓய்ந்திருக்கும்போது எடுங்கள். மழை பலத்தால் உடனே எடுக்க டோலக்கும் ரிதம் பேடும் உள்ள மூன்று பாட்டு கையிருப்பில் இருக்கட்டும். ‘தங்கச்சங்கிலி மின்னும் பைங்கிளி’ அதற்குத் தோது.

மைக்: எல்லாம் டைனமிக். கண்டென்சர் மைக் வைத்தால் கூரையையும் சேர்த்துப் பிடிக்கும். குழலுக்கு மைக்கை உதட்டுக்கு நேராக வைக்க வேண்டாம், மூச்சுச் சத்தம் புயல் மாதிரி வரும். ஊதும் துளைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் மேலே, கொஞ்சம் விரல் துளைப் பக்கம் சாய்த்து வையுங்கள். குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் குழலுக்கு 150-க்குக் கீழேயும் வெட்டிவிடலாம். தபேலாவுக்கு வலந்தலைக்கு ஒன்று, டக்காவுக்கு ஒன்று என இரண்டு மைக்.

ராத்திரி முழுக்க ஜீப்பில் கிடந்த கீபோர்டையும் ஆம்ப்ளிஃபயரையும் ஆள் நிறைந்த கூடத்துக்குள் கொண்டு வந்ததும் சுவிட்சைப் போடாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில், கூட்டத்தின் மூச்சு ஈரம் முத்து முத்தாகப் படியும். உறையோடு அரை மணி நேரம் விட்டு, துடைத்து, அப்புறம் மின்சாரம். வோல்டேஜ் இறங்கும் இடம் என்றால் கீபோர்டுக்கு ஸ்டெபிலைசர் தனியாக.

அருவங்காடு_ரசிகன்

சரி, சங்கீத ஜாதி முல்லையை மனதில்லாமல் விட்டுக்கொடுக்கிறேன். ஒரு வேண்டுகோள். மூன்றாம் பிறைப் பகுதிக்கு முன்னால் ரயில் சத்தம் போடப் போகிறீர்கள் என்றால் சரியான சத்தத்தைப் போடுங்கள். பல்சக்கரப் பாதை கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகை என்று மேலே போகும் பகுதியில் பல்சக்கரம் இல்லை. பல்லில் ஏறும் நீராவி எஞ்சினின் அந்த இரட்டைத் தாளச் சத்தம் கேத்தியில் கேட்காது. இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் கீழ்ப் பகுதியில் பதிவு செய்தது. குன்னூர்க் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த வித்தியாசம் தூக்கத்திலும் தெரியும்.

டானிங்டன்_பேஸ்

சத்தமே வேண்டாம் என்பது என் கருத்து. பாட்டுக்கு முன்னால் நான்கு நொடி அமைதி போதும்.

லவ்டேல்_பாடகி

எனக்கும் அமைதிதான். அதோடு ‘மெட்டி ஒலி காற்றோடு’ பட்டியலில் இல்லை, சேருங்கள். மகேந்திரனின் மெட்டி படம், இளையராஜாவும் ஜானகியம்மாவும் பாடியது. அதன் ஹம்மிங்கை இரண்டு குரலும் ஒரே மைக்கில் நின்று பாடினால் நன்றாகக் கலக்கும். தனித்தனி மைக்கில் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் கேட்கும்.

பெட்போர்டு_கீபோர்டு

எல்லாம் படித்தேன். இப்போதைக்கு வரிசை, கட்டையைப் பார்த்து அடுக்கியது: முதலில் ‘நீல வான ஓடையில்’, அதில் எல்லாருடைய கையும் சூடாகட்டும். அடுத்து கோழி கூவுது படத்தின் ‘பூவே இளைய பூவே’. மூன்றாவது ‘ரோஜாவைத் தாலாட்டும் தென்றல்’, நாலாவது ‘பனிவிழும் மலர்வனம்’. பிறகு ‘மெட்டி ஒலி’, ‘நாதம் என் ஜீவனே’, ‘வைகறையில்’, ‘கனாக் காணும்’. ‘இளைய நிலா’ நடுவில், அதற்கு முன்னால் கிட்டார் சுருதி பார்க்க ஒரு நிமிடம் அறிவிப்பு. ‘பொன்மேனி’ பேஸ், தபேலா சோதனையில் தேறினால் உண்டு. ‘தங்கச்சங்கிலி’ மழைக்குக் கையிருப்பு. ‘காக்கைச் சிறகினிலே’யும் ‘கண்ணே கலைமானே’யும் மழை விட்ட நேரத்தில். கடைசியில் சகலகலா வல்லவனின் ‘இளமை இதோ இதோ’, டிசம்பர் 31-க்கு ஒரு மாதம் முன்னதாகவே.

கேத்திக்காரன்

‘இளமை இதோ இதோ’வில் பித்தளை வாத்தியங்களைக் கீபோர்டில் எடுக்கும்போது அட்டாக் டைமை (அழுத்தியதும் ஒலி முழுதாக எழ எடுக்கும் நேரத்தை) குறைத்துவிடுங்கள் அண்ணா. கீபோர்டோடு வரும் சவுண்டு அப்படியே இருந்தால் ஒவ்வொரு தட்டும் தபேலாவுக்குப் பின்னால் வந்து விழும், பாட்டு இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். ரிவர்பையும் பாதியாகக் குறையுங்கள், கூரை தரும் எதிரொலியே போதும்.

கட்டபெட்டு_தபேலா

நாலாவது பாட்டுக்கும் அஞ்சாவது பாட்டுக்கும் இடையில் ஒன்றரைக் கட்டையிலிருந்து இரண்டரைக்குப் போகிறீர்கள் என்று உங்கள் தாளில் போட்டிருக்கிறது. அங்கே தபேலா மாற்ற 40 நொடி வேண்டும். பேச வைத்த 6 நிமிடத்தில் அதை அந்த இடத்துக்கு ஒதுக்குங்கள். சின்ன வாய் தபேலாவை அதுவரை கம்பளிக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், எடுத்த பிறகு ஒருமுறை தட்டிப் பார்த்துத்தான் பாட்டைத் தொடங்க வேண்டும்.